எரிக் லிடல்: ஓட்டக்காரர் ஊழியக்காரர் ஆன கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூடுகையிலும் ஞாயிறு பள்ளியிலும் எரிக் லிடல் பேரை எடுத்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதி, சினிமா பார்த்து வந்தவை. மீதி, பிரசங்கங்களில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

எரிக் லிடல்னா யாரு? ரெண்டு வரியில சொல்லுங்களேன்.

எடின்பரோ பல்கலைக்கழக மாணவராக 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கமும் 200 மீட்டரில் வெண்கலமும் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர். மறு வருடமே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். 1945-ல் அங்கேயே, ஜப்பானியர்களின் தடுப்பு முகாமில், 43 வயதில் இறந்தார்.

சீனாவுல பிறந்தவர்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, ஸ்காட்லாந்துக்காரர்னு இன்னொரு இடத்துல போட்டிருக்கு. எது சரி?

இரண்டும் சரி. அப்பா, அம்மா இருவரும் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஸ்காட்லாந்து மிஷனரிகள். எரிக் பிறந்தது 1902 ஜனவரி 16, வட சீனாவின் டியன்ட்சின் நகரில் (இன்றைய தியான்ஜின்). ஆறு வயதில் அவரையும் அண்ணன் ராபையும் லண்டன் பக்கத்தில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் சீனா திரும்பினார்கள். பிறகு எல்தம் கல்லூரி என்று பெயர் மாறிய பள்ளி அது. வருடக்கணக்கில் அப்பா முகம் பார்க்காமல் வளர்வது அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்களில் வழக்கம். அதைப் பெருமையாக மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை.

பிறந்த ஊர் கணக்கில் அவரைச் சீனாவின் முதல் ஒலிம்பிக் சாம்பியன் என்று எழுதுகிற சீனர்களும் உண்டு. அவர் ஓடியது பிரிட்டன் அணிக்காக.

காலேஜ்ல என்ன படிச்சார்? படிப்பை விட்டுட்டு ஓடிட்டே இருந்தாரா?

அறிவியல் பட்டம். ஒலிம்பிக் முடிந்த அடுத்த வாரமே பட்டமளிப்பு விழா வந்தது. பழைய ஒலிம்பியாவில் வென்றவர்களுக்குச் சூட்டுவது போல அவர் தலையில் காட்டு ஆலிவ் இலை மாலை சூட்டினார்கள். மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பட்டம் ஓட்டத்துக்காகக் கிடைத்ததில்லை, படித்துத் தேறி வாங்கியது.

ரக்பியும் ஆடினாராமே?

ஆடினார், அதுவும் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு. 1922, 1923 ஆண்டுகளில் 7 சர்வதேச ஆட்டங்கள், விங் இடத்தில். ஒலிம்பிக்குக்காக ஓட்டத்தில் முழு கவனம் வைக்க வேண்டும் என்றுதான் ரக்பியை விட்டார். விளையாட்டு ஏதோ பொழுதுபோக்காக வந்து போனது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடின்பரோவில் டாம் மெக்கெர்ச்சர் என்ற பயிற்சியாளரிடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர் அவர்.

அவர் ஓடுறதைப் பார்த்தா சிரிப்பு வருமாமே?

வரும். தலை பின்னால் சாய்ந்து முகம் வானத்தைப் பார்க்கும், வாய் திறந்திருக்கும், கைகள் இரண்டும் காற்றில் துழாவும், முட்டி மேலே மேலே ஏறும். எந்தப் பயிற்சியாளரும் தன் பையனுக்குச் சொல்லித் தராத ஓட்டம். அப்படி ஓடித்தான் 1923-ல் 100 கெஜத்தை 9.7 விநாடியில் முடித்தார். அந்தப் பிரிட்டன் சாதனை பல வருடம் நின்றது.

ஓட்டம் தொடங்கும் முன் அவர் செய்வதும் பேசப்பட்டது. அன்று புறப்பாட்டுக் கட்டைகள் கிடையாது. ஓட்டக்காரர்கள் கால் ஊன்ற ஆளுக்கொரு சின்னக் கரணையால் மண்ணைத் தோண்டிக் குழி போட்டுக்கொள்வார்கள். கரணை கொண்டு வராதவர்களுக்கு லிடல் தன்னுடையதைக் கொடுப்பார். பிறகு எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டுத்தான் கோட்டுக்கு வருவார்.

கீழே விழுந்து எழுந்து ஓடி ஜெயிச்சார்னு ஒரு பாஸ்டர் சொன்னார். கதை விடுறாங்களா?

இது நடந்தது. 1923 ஜூலையில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊரில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றுக்கும் இடையிலான போட்டி. 440 கெஜ ஓட்டம் தொடங்கிய சில அடிகளிலேயே இன்னொருவர் மோதியதில் புல்லில் போய் விழுந்தார். எழுந்து ஓடத் தொடங்கும்போது முன்னால் போனவர்களுக்கும் அவருக்கும் 20 கெஜம் இடைவெளி. கடைசிச் சில கெஜங்களில் முந்தினார், கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இந்த ஓட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக்குக்கு ஒரு வருடம் முன்பே அவர் காலில் 440 கெஜம் இருந்தது. கீழே இது தேவைப்படும்.

மெடல் வாங்கின பிறகுதானே ஊழியத்துக்கு வந்தார்?

இல்லை. 1923 ஏப்ரலில், டி. பி. தாம்சன் என்ற இளம் ஊழியர் கேட்டுக்கொண்டதால், ஆர்மடேல் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் முதல்முறை மேடை ஏறிச் சாட்சி சொன்னார். அப்போது அவர் ரக்பியிலும் ஓட்டத்திலும் பேர் வாங்கிய மாணவர். கூட்டம் வருவதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள், அதில் ஒளிவு மறைவு இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசுவார். அதன்பின் வாரக் கடைசிகளில் ஊர் ஊராகக் கூட்டங்கள். ஓட்டமும் ஊழியமும் ஒன்றாகவே நடந்தன.

ஒலிம்பிக்குக்குக் கப்பல் ஏறும்போதுதான் 100 மீட்டர் ஞாயித்துக்கிழமைன்னு தெரிஞ்சுதாம். உடனே ஓட மாட்டேன்னுட்டாராம். எவ்வளவு விசுவாசம் பாருங்க!

விசுவாசம் சரி, கப்பல் சரியில்லை. அது லிடல் கதையை வைத்து 1981-ல் வந்து சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படக் காட்சி. 100 மீட்டர் தகுதிச் சுற்று 1924 ஜூலை 6, ஞாயிறு என்பது பல மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்போதே ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 200, 400 மீட்டருக்குப் பயிற்சியைத் திருப்பினார். 4x100, 4x400 தொடர் ஓட்டங்களின் இறுதிச் சுற்று ஜூலை 13, அதுவும் ஞாயிறு. அவற்றிலும் அவர் இல்லை. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டன் அணி அவர் இல்லாமலே ஒன்றில் வெள்ளியும் மற்றதில் வெண்கலமும் வாங்கியது. ஆக, அவர் விட்டது மூன்று வாய்ப்புகள்.

வேல்ஸ் இளவரசர் முன்னால் உட்கார வைத்து மிரட்டுவது போன்ற காட்சியும் திரைக்கதைதான். ஆனால் பத்திரிகைகளில் கடுமையான விமர்சனம் இருந்தது. நாட்டுப் பற்று இல்லாதவர் என்றெல்லாம் பேசினார்கள். என் பார்வையில் கப்பலில் திடீரென்று எடுத்த முடிவைவிட இதுதான் பெரிது. உணர்ச்சி வேகத்தில் ஒருநாள் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் திட்டு வாங்கிக்கொண்டு தினமும் பயிற்சிக்குப் போவது வேறு.

ஞாயித்துக்கிழமை ஓடினா அப்படி என்ன தப்பு? கேக்கிறேன்னு கோச்சுக்காதீங்க.

கோபமே இல்லை, எல்லோரும் கேட்பதுதான். லிடல் வளர்ந்த ஸ்காட்லாந்துச் சபைப் பாரம்பரியத்தில் ஓய்வு நாள் ஆசரிப்பு மிகக் கண்டிப்பானது. பத்துக் கட்டளைகளில் நாலாவதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருத்தினார்கள்: அது கர்த்தருடைய நாள், அன்று ஆராதனையும் ஓய்வும் தவிர எதுவும் இல்லை. விளையாட்டு பாவம் என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை ரக்பி ஆடுவதில் தடையே கிடையாது, அந்த ஒரு நாளை மட்டும் தொடக் கூடாது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படி நினைத்ததில்லை. அன்றைக்கும் ஞாயிறு ஓடிய விசுவாசிகள் இருந்தார்கள். ஜூலை 6 அன்று லிடல் பாரிஸில் ஸ்காட்லாந்துச் சபை ஆலயத்தில் பிரசங்கித்துக்கொண்டிருந்தார்.

400 மீட்டர் அவர் ஓடினதே இல்லையாம், போய் நின்னாராம், தங்கம் வந்துடுச்சாம். அற்புதம்தானே?

‘ஓடினதே இல்லை’ என்பது தவறு. ஸ்டோக் ஓட்டத்தை மேலே பார்த்தோம். 440 கெஜம் என்றால் 402 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1924 ஜூனில் பிரிட்டன் சாம்பியன் போட்டியிலும் 440 கெஜத்தில் அவர்தான் முதல். ஆனால் நேரம் 49.6 விநாடி. அந்த நேரத்துக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்காது, அதனால் அவரை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை.

பாரிஸில் அவர் நேரம் சுற்றுக்குச் சுற்று குறைந்தது. அரையிறுதியில் 48.2. அதே நாள் இன்னொரு அரையிறுதியில் அமெரிக்காவின் ஹொரேஷியோ ஃபிட்ச் 47.8 ஓடி ஒலிம்பிக் சாதனை வைத்திருந்தார். ஜூலை 11, வெள்ளி, இறுதி ஓட்டம். லிடலுக்கு வெளிப்பக்க ஓடுபாதை. அதில் ஓடுபவருக்கு மற்றவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால், யார் எங்கே வருகிறார் என்று தெரியாது. அவர் முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் ஓடினார். கால் ஓய்ந்துவிடும், பிடித்துவிடலாம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஓயவில்லை. 47.6. ஃபிட்ச் 48.4-ல் இரண்டாவது, பிரிட்டனின் கை பட்லர் மூன்றாவது.

இதை அற்புதம் என்று சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. பயிற்சியை மறைத்துவிட்டு அற்புதம் என்று சொல்வதுதான் பிடிக்கவில்லை. ‘ஒரு தங்கத்தை விட்டார், தேவன் இன்னொரு தங்கம் கொடுத்தார்’ என்று கொடுக்கல் வாங்கல் கணக்காகச் சொல்லும்போது கேட்கிற பிள்ளைகள் மனதில் என்ன பதியும்? ஞாயிறு ஆலயத்துக்கு வந்தால் திங்கள் பரீட்சையில் மார்க் வரும் என்பதுதான். ஜூலை 11 அன்று லிடல் ஆறாவதாக வந்திருந்தாலும் மறு வருடம் சீனாவுக்குப் போயிருப்பார்.

உலக சாதனையா, ஒலிம்பிக் சாதனையா?

ஒலிம்பிக் சாதனை என்பதில் சந்தேகமில்லை. உலக சாதனை என்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் 1916-லேயே அமெரிக்காவின் டெட் மெரிடித் அதைவிடச் சற்று நீளமான 440 கெஜத்தை 47.4 விநாடியில் ஓடியிருந்தார். மேடையில் சொல்லும்போது ‘ஒலிம்பிக் சாதனை’ என்று நிறுத்திக்கொண்டால் யாரும் மடக்க முடியாது.

ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தாங்களாமே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?

1 சாமுவேல் 2:30-ஐ நினைவுபடுத்தும் ஒரு வரி: ‘என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்’. படத்தில் அமெரிக்க வீரர் ஜாக்சன் ஷோல்ஸ் கொடுப்பதாக வரும். நிஜத்தில் கொடுத்தது பிரிட்டன் அணியின் உடம்பு பிடித்துவிடுபவர்களில் ஒருவர். அணிக்குள்ளேயே, தினமும் தன் காலைத் தேய்த்துவிட்டவரிடமிருந்து வந்த சீட்டு என்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஷோல்ஸ் வேறு விதத்தில் கதைக்குள் இருக்கிறார்: 200 மீட்டர் தங்கம் அவருக்குத்தான்.

‘நான் ஓடும்போது தேவன் என்மேல் பிரியமாயிருப்பதை உணர்கிறேன்’னு லிடல் எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கார்? போஸ்டர் அடிக்கணும்.

எந்தப் புத்தகத்திலும் இல்லை. திரைக்கதை எழுதிய காலின் வெலண்ட் அவர் வாயில் வைத்த வசனம். நல்ல வசனம்தான், அவர் மனதுக்கும் ஒத்துப்போகலாம். போஸ்டரில் லிடல் பேரைப் போடாதீர்கள், அவ்வளவுதான். அதேபோல ஓட்டத்தை விட்டுவிடு என்று தங்கை ஜென்னி சண்டை போடுவதும் படத்துக்காகச் சேர்த்தது. பிரபு ஒருவர் தன் 400 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுப்பதும் அப்படித்தான்; லிடல் ஏற்கெனவே அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

23 வயசுல, நல்லா ஓடிட்டிருக்கும்போதே விட்டுட்டுப் போனது வீண் இல்லையா? இன்னொரு ஒலிம்பிக் ஓடிட்டுப் போயிருக்கலாமே.

போயிருக்கலாம். அன்றைக்கும் இதே பேச்சு இருந்தது. பட்டம் வாங்கியபின் ஒரு வருடம் எடின்பரோவில் காங்கிரிகேஷனல் சபையின் இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு 1925 கோடையில் கிளம்பினார். வேவர்லி ரயில் நிலையத்தில் வழியனுப்பக் கூட்டம் நெரிந்தது. பேசச் சொன்னார்கள், அவர் பேச்சைச் சுருக்கிப் பாட்டை எடுத்துவிட்டார், நடைமேடை முழுக்கப் பாடியது.

வீணா இல்லையா என்பதற்கு என் பதில்: சீனா போவது ஒலிம்பிக்குக்குப் பிறகு வந்த யோசனை இல்லை, அது முன்பே அவர் மனதில் இருந்தது. அந்தத் திட்டத்துக்கு நடுவில்தான் ஒலிம்பிக் வந்து போனது. தடகளப் பக்கம் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது பாதியில் நின்ற ஓட்டம்.

சீனாவுல போய் தெருத் தெருவா பிரசங்கம் பண்ணினாரா?

முதல் பன்னிரண்டு வருடம் அவர் வாத்தியார். டியன்ட்சினில் ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் பாடம், விளையாட்டு, ஞாயிறு பள்ளி. வசதியான வீட்டுப் பையன்கள் படிக்கிற இடம் அது. ஊரில் மின்யுவான் விளையாட்டு அரங்கம் அமைக்கவும் யோசனை சொல்லி உதவினார். பின்னாளில் இடித்துத் திரும்பக் கட்டிய அந்த அரங்கம் தியான்ஜினில் இருக்கிறது. 1932-ல் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து வந்தபோதுதான் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். அதாவது, ஊழியத்தில் ஏழு வருடம் கழித்து. 1934-ல் ஃபுளோரன்ஸ் மெக்கன்சியைத் திருமணம் செய்தார். அவரும் கனடா மிஷனரிகளின் மகள்.

1937-ல் பட்டணத்தை விட்டுச் சியாவ்சாங் என்ற கிராமப்புற மிஷனுக்குப் போனார். அண்ணன் ராப் அங்கே மருத்துவர். ஒரு பக்கம் ஜப்பான் படை, மறு பக்கம் சீனப் படைகள், நடுவில் கிராமங்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். ஒருமுறை கோயில் ஒன்றில் காயம்பட்டுக் கிடந்தவரைத் தூக்கிவர மாட்டு வண்டியோடு போனார். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் இன்னொரு ஆள் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். ஜப்பான் சிப்பாய்கள் தலையை வெட்ட ஓங்கிய வாள் கழுத்தில் பாதி இறங்கி நின்றுவிட்டது. வண்டியில் இடமில்லை. அவரை வண்டிக் கட்டையில் சாய்த்து உட்கார வைத்து, மைல் கணக்கில் நடந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்கள். முதலாமவர் பிழைக்கவில்லை. கழுத்து வெட்டுப்பட்டவர் பிழைத்தார். அவர் ஓவியர், குணமானபின் பியோனிப் பூ ஒன்றை வரைந்து லிடலுக்குக் கொடுத்தார்.

பொண்டாட்டி பிள்ளைங்களை அனுப்பிட்டுத் தான் மட்டும் அங்கேயே இருந்தது சரியா, அண்ணா? எனக்கு இதுதான் ஒப்புக்கல.

எனக்கும் இது லேசான விஷயம் இல்லை. 1941-ல் போர் நெருங்கியது. ஃபுளோரன்ஸ் மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளோடு அவரைக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டு லிடல் தங்கிவிட்டார். மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

நிலைமை சீரானதும் பின்னாலேயே போய்விடலாம் என்ற நினைப்பு அப்போது எல்லோருக்கும் இருந்தது. பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் ஜப்பான் போரில் இறங்கிய பேர்ல் துறைமுகத் தாக்குதல் அந்த வருடம் டிசம்பரில்தான். நடந்து முடிந்ததை வைத்துப் பார்த்தால் குடும்பத்தைக் கைவிட்டது போலத் தெரியும். நடக்கும் முன் அது ஒரு பிரிவு, அவ்வளவுதான். இருந்தாலும், விலை கொடுத்தவர்களில் ஃபுளோரன்ஸும் மூன்று பிள்ளைகளும் உண்டு. லிடலின் தியாகம் என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமாகப் படவில்லை.

முகாம்னா வதை முகாமா? என்ன செஞ்சாங்க அவரை?

வதை முகாம் இல்லை. எதிரி நாட்டுக் குடிமக்களை அடைத்து வைத்த தடுப்பு முகாம், ஷான்டுங் மாகாணத்தின் வெய்ஷியன் ஊரில் (இன்றைய வெய்ஃபாங்). முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த இடம். 1943 மார்ச்சில் லிடல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அந்த ஒரு வளாகத்துக்குள். வியாபாரிகள், மிஷனரிகள், கன்னியாஸ்திரீகள், பிழைப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் கஞ்சிக்கு நின்றார்கள். பட்டினி, குளிர், நாற்றம், கழிவறைச் சண்டை. மிஷனரிகளும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சண்டை போட்டார்கள் என்று உள்ளே இருந்தவர்களே பிறகு எழுதியிருக்கிறார்கள்.

சிஃபூ என்ற ஊரின் மிஷன் பள்ளிப் பிள்ளைகளையும் அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். பலருடைய அப்பா அம்மா எங்கோ. லிடல் அவர்களுக்கு ‘எரிக் மாமா’. ஆய்வகம் இல்லாமல் படம் வரைந்து அறிவியல் சொல்லிக் கொடுத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். வயதானவர்களுக்குத் தண்ணீர் தூக்கினார். முகாம் காவலர்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதைக் கேட்ட பையன்களில் ஒருவர் ஸ்டீபன் மெட்காஃப். செருப்பு கிழிந்து குளிரில் நின்ற அவருக்கு, இறப்பதற்குச் சில வாரம் முன்பு, ஒட்டுப் போட்ட தன் ஓட்டக் காலணியை லிடல் கொடுத்தார். போர் முடிந்தபின் மெட்காஃப் மிஷனரியாகப் போன நாடு ஜப்பான்.

முகாம்ல ஞாயித்துக்கிழமை ஹாக்கி நடத்தினாராம். அப்போ பாரிஸ்ல ஓடாம இருந்தது எதுக்கு?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நடந்தது இது: வேறு நாட்களில் விளையாட்டுகளை நடத்திய லிடல், ஞாயிறு மட்டும் நடத்த மாட்டேன் என்றார். பையன்களுக்குப் பொழுது போகவில்லை, பெரியவர் இல்லாமல் தாங்களே ஆடினார்கள், நடுவர் இல்லாததால் அடிதடி ஆனது. அடுத்த ஞாயிறு லிடல் வந்து நடுவராக நின்றார்.

கொள்கை மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸில் ஓடியிருந்தால் பலன் அவருக்கு: மெடல், பேர். அங்கே ‘மாட்டேன்’ என்றதன் செலவும் அவருடையது. முகாமில் ‘மாட்டேன்’ என்று நின்றால் செலவு பெற்றோர் இல்லாத பிள்ளைகள் தலையில் விழும். தன் மனசாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அடுத்தவன் பிள்ளை மண்டை உடைவதை அவர் ஏற்கவில்லை. காயம்பட்டவரைத் தூக்கிவரக் கோயிலுக்கு வண்டியோடு போனவர் அப்படித்தான் யோசிப்பார். ‘ஓய்வுநாள் மனுஷனுக்காக’ என்று மாற்கு 2:27-ல் இருப்பதை இங்கே சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

பாரிஸை நூறு பிரசங்கங்களில் கேட்டாயிற்று. இந்த ஹாக்கியை மேடையில் நான் ஓரிரு முறைதான் கேட்டிருக்கிறேன்.

கைதிகள் பரிமாற்றத்துல அவருக்கு விடுதலை கிடைச்சும் கர்ப்பிணி ஒருத்தருக்கு இடத்தை விட்டுக்கொடுத்தாராமே?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்தில் சீனத் தரப்பிலிருந்து வெளிவந்த செய்தி. அவருடைய குடும்பத்தாருக்கே அதுவரை தெரியாத செய்தி அது. செய்யக்கூடியவர்தான் என்று எல்லோரும் நம்புவார்கள். நம்பத் தகுந்தது என்பதும் நிரூபணமானது என்பதும் ஒன்றில்லை. ஹாக்கி மட்டையும் ஓட்டக் காலணியும் நேரில் கண்டவர்கள் சொன்னவை. அவை போதும்.

எப்படி இறந்தார்? அடிச்சுக் கொன்னுட்டாங்களா?

மூளைக் கட்டி. தலைவலியும் சோர்வும் அதிகமானபோது வேலைப் பளுவால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றே முகாமில் நினைத்தார்கள். இறந்த அன்று ஃபுளோரன்ஸுக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் அவர் அப்படித்தான் சொன்னார். 1945 பிப்ரவரி 21. கட்டி இருந்தது இறந்தபின்தான் தெரிந்தது. ஆகஸ்ட் 17-ல் அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் இறங்கி முகாமை விடுவித்தார்கள். லிடல் இறந்த செய்தி ஃபுளோரன்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததே அந்த வருடம் மே மாதம்.

முகாம் வளாகத்துக்குள் மரச் சிலுவை நட்டுப் புதைத்தார்கள். பல வருடம் இடம் தெரியாமல் போய், 1989-ல் கண்டுபிடித்தார்கள். 1991-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கருங்கல் கொண்டுவந்து நினைவுக்கல் வைத்தது.

இதே மாதிரி வேற விளையாட்டு வீரர்கள் இருக்காங்களா?

நமக்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு: சி. டி. ஸ்டட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியின் கேப்டன். ‘ஆஷஸ்’ என்ற பேரே உண்டாகக் காரணமான 1882 ஓவல் டெஸ்டில், இங்கிலாந்து தோற்றபோது ஒரு பந்தும் ஆடக் கிடைக்காமல் மறுமுனையில் நின்றவர். 1885-ல் ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ என்று பேர் வாங்கிய ஏழு இளம் மிஷனரிகளில் ஒருவராகச் சீனா போனார், அப்பா விட்டுப்போன சொத்தைக் கொடுத்துத் தீர்த்தார். 1900 முதல் 1906 வரை ஊட்டி யூனியன் சபையின் போதகர். கடைசியில் காங்கோவில், 1931-ல் இறந்தார். குடும்பத்தை விட்டுப் பிரிந்திருந்த விஷயத்தில் லிடலைவிட இவர் கதை பல மடங்கு கடினமானது.

டேவிட் ஷெப்பர்ட் இன்னொருவர். அவரும் கேம்பிரிட்ஜ்தான். 1954-ல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார், 1955-ல் குருவானார், அதன்பிறகும் டெஸ்ட் ஆடினார், பிறகு லிவர்பூல் பேராயராக இருந்தார். ஊழியத்துக்காக விளையாட்டை விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்பதற்கு அவர் போதும்.

என் பையன் மாவட்ட அளவுல ஓடுறான். போட்டியெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வைக்கிறாங்க. லிடலைப் பாருன்னு சொல்லி நிறுத்தலாமா?

லிடலைச் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள். அவர் பாரிஸ் முடிவை எடுத்தபோது வயது 22, அப்பா அம்மா சீனாவில். யாரும் அவருக்காக முடிவு செய்யவில்லை. மற்றவர்களை ஓடாதே என்று அவர் சொல்லவும் இல்லை. உங்கள் பையன் பதினான்கு வயது என்றால் அவன் முடிவை நீங்கள் எடுத்துவிட்டு அதற்கு லிடல் பேரை வைப்பது பொருந்தாது. உங்கள் வீட்டு வழக்கம் இதுதான் என்று உங்கள் பேரிலேயே சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

போக விடுவதானால், காலை ஆராதனைக்குப் போய்விட்டுப் போக முடியுமா என்று பாருங்கள். விடுவதில்லை என்றால், அவனைப் பயிற்சியிலிருந்து நிறுத்தாதீர்கள். வேறு நாளில் நடக்கிற போட்டி எது, அவனுக்கு ஒத்துவரும் தூரம் எது என்று பயிற்சியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். வருட அட்டவணை வந்ததுமே இதைச் செய்துவிட வேண்டும், போட்டிக்கு முந்தின ராத்திரி இல்லை.